வாசலுக்கு வராத உடுப்பு

செப்டம்பர் 19, வெள்ளி

காலையிலிருந்து மழை. ரயில் அரை மணி தாமதம். இருக்க இடம் கிடைத்ததே பெரிய காரியம்.

சீருடையில் ஏறினால் ராணுவத்தில் இருப்பவர்களுக்குப் பயணம் இலவசம். அதனால் முகாமிலிருந்து பேர்லின் வரும் வெள்ளிக்கிழமைகளில் பச்சைப் புள்ளி உடுப்பும் கனத்த சப்பாத்தும்தான். எல்லோரும் பார்ப்பார்கள். பழகிவிட்டது. பழகாதது ஒன்று இருக்கிறது, இன்று மறுபடி நடந்தது.

எதிர் இருக்கைக் கிழவர், எழுபத்தைந்து இருக்கும், எழுந்து நின்று கையை நீட்டினார். "உங்கள் சேவைக்கு நன்றி." நல்ல உரத்த ஜெர்மனில். பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வெளிநாட்டில் இருந்தீர்களா என்றார். போன வருடம் நாலு மாதம், பாலைவனத்தில் என்றேன். கண் கலங்கிவிட்டது அவருக்கு. அங்கே என்ன செய்தேன் என்று மட்டும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஜெனரேட்டர் ஏழு. தினமும் வடிகட்டியில் மணல் தட்டுதல். சமையல்கூடத்து ஐஸ் மெஷினை மூன்று தடவை கழற்றிப் பூட்டினேன். வெடிச் சத்தம் ஒரு தடவை கேட்டது. லாரி டயர்.

நன்றி சொன்னால் என்ன பதில் சொல்வது? இதுவரை முயன்றவை:
– "பரவாயில்லை." (காலை மிதித்தவருக்குச் சொல்வது போல)
– "உங்களுக்கும் நன்றி." (எதற்கு?)
– சும்மா சிரித்தல். (திமிர் என்று நினைப்பார்கள்)
– கழிப்பறைக்குப் போய்விடுதல். இன்று இதுதான். திரும்பி வந்தால் என் மேசையில் கோப்பி வாங்கி வைத்திருந்தார். இன்னும் மோசம்.

பேர்லின் பிரதான நிலையத்தில் வழக்கம்போலக் கட்டணக் கழிப்பறை. சீருடை பைக்குள், ஜீன்ஸ் வெளியே. சப்பாத்து அரிசி வந்த பைக்குள். ஆறு வருடமாக இதே வேலை, இப்போது நாலு நிமிடத்தில் முடிகிறது. அம்மா இந்த நிலையத்துக்கு வருவதே இல்லை. பொலிஸ்காரர்கள் துப்பாக்கியோடு இரண்டிரண்டு பேராக நடப்பார்கள், அதுதான். நொய்கெல்னில் வீட்டுக்குப் பக்கத்து யூ-பான் சுரங்க ரயிலில்கூட, டிக்கெட் பார்க்கிறவர் ஏறினால் அம்மா கதையைப் பாதியில் விட்டுவிடுவார். அவர் இறங்கும்வரை மூச்சுச் சத்தமும் கேட்காது.

ராணுவத்தில் சேருகிறேன் என்று நான் சொன்னபோது இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தோசை சுட்டுக்கொண்டே சொன்னார்: "உன்ர விருப்பம். ஆனா அந்த உடுப்போட என்ர வாசலுக்கு வரக்கூடாது." ஓம் என்றேன். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

இரவுச் சாப்பாடு புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி. அம்மா வேலைக் கதை. முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை. அங்கே இருக்கிறவர்களின் உடுப்பு ஒவ்வொன்றிலும் பெயர்த் துண்டு தைப்பது அம்மாவின் பொறுப்பு. இன்று ஒரு கம்பளிச் சட்டை பெயர் இல்லாமல் வந்ததாம். "ஆரின்ர சட்டை எண்டு அறை அறையாக் கொண்டு திரிஞ்சன்." கண்டுபிடித்தாரா என்று கேட்க மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 20, சனி

வெயில். சலவை மெஷின் மறுபடி தண்ணீர் விடுகிறது. ரப்பர் வளையம் வாங்க வேண்டும்.

பத்து மணிக்குச் செல்வம் அண்ணை அழைத்தார். கோயில் சபைத் தலைவர். நான் சிறுவனாக இருந்தபோது சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்தியவரும் அவரே. நான் இன்றைக்குத் தமிழில் எழுதுவது அவர் புண்ணியம். (முகாமில் வேறு யாராலும் இதை வாசிக்க முடியாது என்பது உபரி லாபம்.)

"தம்பி, வாணி விழாவில உமக்குப் பொன்னாடை போத்திறம். சபை தீர்மானிச்சிட்டுது."

"எனக்கு ஏன் அண்ணை?"

"எங்கட பிள்ளை ஒண்டு இந்த நாட்டு ராணுவத்தில. சின்ன விஷயமே? ஆயுத பூசை நேரம், பொருத்தமாயும் இருக்கும்."

"நான் ஜெனரேட்டர் திருத்திறனான் அண்ணை."

"அதைச் சொன்னாச் சனம் கை தட்டாது. அதை நான் பாத்துக்கொள்ளுறன். நீர் உடுப்போட வந்தாக் காணும்."

உடுப்பு என்றதும் வாய் ஒட்டிக்கொண்டது. அம்மா அடுத்த அறையில். "பாப்பம் அண்ணை" என்றேன். எங்கள் ஆட்களிடம் அப்படிச் சொன்னால் ஒப்புக்கொண்டாயிற்று என்று அர்த்தம். போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

பொன்னாடையை நினைத்தாலே கழுத்தைச் சுற்றி அரிக்கிறது.

செப்டம்பர் 23, செவ்வாய்

முகாம். 4 டிகிரி. விரல் விறைத்துப் போச்சு. மூன்றாம் ஜெனரேட்டரில் எண்ணெய் ஒழுக்கு.

யானாவிடம் சொன்னேன். என்னோடு வேலை செய்கிறவள், சார்ஜன்ட், ஜெனரேட்டருக்குக் கீழே படுத்தபடிதான் பேசுவாள். நன்றி சொல்கிறவர்கள் அவளுக்கும் தொல்லை. ஆனால் அவள் பிடித்த பிடி வேறு. "யாருக்கோ சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஆள் கிடைக்கவில்லை. நீ கிடைத்தாய். வாங்கி வைத்துக்கொள். அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பானரைத் தா."

கொடுத்தேன்.

வெளி நிகழ்ச்சிக்குச் சீருடையில் போவதானால் மேலதிகாரியிடம் கேட்க வேண்டும். அவர் மறுத்தால் தப்பித்தேன் என்று ஒரு நப்பாசை. கப்டன் கதிரையை விட்டே எழுந்துவிட்டார். அருமையான விஷயமாம். பொதுமக்களோடு உறவாம். கோயிலில் சப்பாத்து கழற்ற வேண்டும் என்றேன். இரண்டு விநாடி யோசித்தார். "சுத்தமான காலுறை போடு" என்றார்.

செப்டம்பர் 26, வெள்ளி

இன்று ரயிலில் யாரும் நன்றி சொல்லவில்லை. நிம்மதி. கழிப்பறை, ஜீன்ஸ், யூ-பான்.

கறிவேப்பிலை வாங்கி வரச் சொல்லியிருந்தார் அம்மா. தமிழ்க் கடைக் கதவில் நான்.

ஏ3 அளவில். முழுச் சீருடையில். யாரோ நண்பன் இணையத்தில் போட்ட படத்தை எடுத்துப் பெருப்பித்திருக்கிறார்கள். மேலே சரஸ்வதி, கீழே நான், என் கையில் ஐஸ் மெஷினின் மூடி. அதை மட்டும் பாதியாக வெட்டிவிட்டார்கள், கேடயம் போலத் தெரிகிறது. "எமது வீரத்திருமகனுக்கு மாபெரும் மதிப்பளிப்பு!!!" ஆச்சரியக்குறி மூன்று.

மெல்ல ஒரு மூலையை உரித்தேன். உள்ளேயிருந்து கடைக்கார அக்கா: "தம்பி, அதைக் கிழிக்காதையும், பிறகு— ஐயோ நீரே! மெய்யே, படத்தைவிட நேரில மெலிவு." இலவசமாக ஒரு பை முறுக்கு. "உங்களாலதான் நாங்கள் நிம்மதியா நித்திரை கொள்ளுறம்." என் ஜெனரேட்டரின் இரைச்சலில் நாலு மாதம் முந்நூறு பேர் நித்திரை இல்லாமல் கிடந்தார்கள். சொல்லவில்லை.

"அம்மா இஞ்ச வந்தவவோ அக்கா, இந்தக் கிழமை?"

"செவ்வாய்க்கிழமை வந்தவ. கதவடியில கனநேரம் நிண்டவ. பெருமைதானே அவவுக்கு."

கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டில் அம்மா கறிவேப்பிலையைக் கழுவினார். மீன் குழம்பு. கடைசியாகத் தட்டைக் கழுவும்போது, திரும்பாமலே: "அந்தச் சப்பாத்து காலைக் கடிக்கிறேல்லையோ?"

"முதல்ல கடிச்சது. இப்ப இல்லை."

"ம்."

செப்டம்பர் 27, சனி

ரப்பர் வளையம் வாங்கினேன். தவறான அளவு.

காலையிலிருந்து அப்பா நினைவு. நினைவு என்று சொல்ல ஒன்றும் இல்லை, எனக்கு அப்போது ஒரு வயது. அம்மா சொன்னது மொத்தம் நாலு வசனம். யாழ்ப்பாணத்து வீடு, மத்தியானம். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜீப்பில் வந்த நாலு பேர், சீருடை, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று கூட்டிப்போனார்கள். நாலாவது வசனம்: "கை கழுவ விடேல்லை."

அவரைத் திரும்ப விடவே இல்லை. செத்தார் என்றும் யாரும் சொல்லவில்லை. அம்மா குங்குமத்தை அழிக்கவும் இல்லை. என்னைத் தூக்கிக்கொண்டு நாலு வருடம் அலைந்துவிட்டு இங்கே வந்தார்.

இப்படிப்பட்டவரின் கண் முன்னே, ஒலிவாங்கியும் பன்னீரும் வைத்து, என்னை அதே கோலத்தில் மேடையேற்றப் போகிறார்கள். கை தட்டச் சொல்வார்கள். அம்மாவும் தட்ட வேண்டும். இதைவிடக் கொடுமை யோசிக்க ஏலாது.

நாளை செல்வம் அண்ணையிடம் மாட்டேன் என்று சொல்வது. தீர்மானம். அடிக்கோடு.

செப்டம்பர் 28, ஞாயிறு

நவராத்திரிப் பூசை. கோயிலில் நல்ல கூட்டம், சுண்டல், ஈரக் காலுறை மணம்.

அம்மா ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் அப்பா பெயரில் அர்ச்சனை செய்வார். ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு "பேர்?" என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "தில்லையம்பலம். உத்திரட்டாதி."

எனக்குத் தெரிந்த நாள்முதல் இது என் வேலை. அம்மா புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார். அந்தக் கால வழக்கம், சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று. நாங்கள் அகதியாக வந்த புதிதில் அலுவலகத்தில் ஒவ்வொரு டெர்மினிலும், அதுதான் குறித்த சந்திப்பிலும், அதிகாரி கணவர் பெயரைக் கேட்பார். அம்மா என் தோளை அமுக்குவார். ஐந்து வயது, மேசை உயரம், நான்தான் சத்தமாகச் சொல்வேன். அவர்களால் உச்சரிக்க முடியாது, திரும்பச் சொல்வேன், எழுத்து எழுத்தாக. அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் ஆயுளை மற்றவர்களே குறைத்தாயிற்றே, இனியும் ஏன் இந்த வழக்கம் என்று பதினாறு வயதில் ஒரு தடவை கேட்டேன். அன்று வாங்கிய பார்வைக்குப் பிறகு கேட்கவில்லை.

பூசை முடிந்து செ. அண்ணையைச் சப்பாத்துத் தட்டடியில் பிடித்தேன்.

"அண்ணை, குறை நினைக்காதையுங்கோ. எனக்கு ஏலாது. சாதாரண உடுப்பில வாறன், முன்வரிசையில இருக்கிறன். மேடை வேண்டாம். அம்மாவுக்கு—"

"அம்மாவுக்கு என்ன? அம்மா ஓமெண்டவதானே."

"எப்ப?"

"புதன்கிழமை. நான் பயந்துதான் கேட்டனான் தம்பி. எனக்குத் தெரியுந்தானே அவவின்ர கதை. நோட்டீஸ் அடிச்சுப்போட்டுத்தான் மண்டையில உறைச்சுது. எல்லாத்தையும் கிழிக்கிறன் எண்டு சொன்னன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கிழிக்க வேண்டாம், அவன் உடுப்போடையே வரட்டும் எண்டவ. அதைத் தவிர ஒரு சொல்லுக் கதைக்கேல்லை."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா பக்கத்தில். கேட்க வாய் வரவில்லை. பஸ்ஸில் ஒருவர் நாய்க்குட்டி வைத்திருந்தார், அம்மா அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அக்டோபர் 1, புதன்

ஜெனரேட்டர் 3 இன்னும் ஒழுகுகிறது. யானாவுக்குப் பிறந்தநாள், ஆப்பிள் கேக்.

அம்மா ஏன் ஓம் என்றார்?
1. எனக்காக, பல்லைக் கடித்துக்கொண்டு.
2. சனத்துக்காக.
3. செ. அண்ணைக்குச் சரியாக விளங்கவில்லை.

முதலாவதுதான். அதுதான் தாங்க முடியவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

விடுமுறை நாள், எனக்கு வாயில் காவல். மூன்று கார், ஒரு நரி.

அம்மாவுக்கு அழைத்தேன். நாளைக்குக் காலை வெளிக்கிட்டு 12.40க்கு வருவேன், நிலையத்தில் உடுப்பு மாற்றி, வீட்டுக்கு வந்து, பிறகு மண்டபத்தில் மறுபடி போடுகிறேன் என்றேன். வாசலுக்கு வராது, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

"எத்தினையாம் மேடை?" என்றார்.

"மண்டபத்திலயோ? ஒரு மேடைதான் அம்மா."

"ரயில் வாற மேடை."

சொன்னேன். ஏன் என்று யோசிக்கவில்லை. நான் ஒரு மடையன்.

அக்டோபர் 4, சனி

காற்று, நடுவில் வெயில். சப்பாத்து துடைத்தேன். காலுறை புதுசு.

ரயிலில் ஒரு தாய் தன் குழந்தையைத் தள்ளிவிட்டாள், "மாமாவுக்கு நன்றி சொல்லு." குழந்தை என்னைப் பார்த்து அழுதது. இதுவரை கிடைத்ததில் நேர்மையான மதிப்பளிப்பு.

12.46. இறங்கினேன். கழிப்பறைப் பக்கம் திரும்பினேன். தூணடியில் அம்மா.

மயில்நீலக் காஞ்சிபுரம், மேலே குளிர் ஜக்கெட், நெற்றியில் பெரிதாகக் குங்குமம். தனியாக. ஒரு கை தூணைப் பிடித்திருந்தது. பத்தடியில் இரண்டு பொலிஸ்காரர் நடந்துபோனார்கள். அம்மாவின் உதடு வெளுத்திருந்தது. ஆனால் அவர் அவர்களைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

எனக்குப் பையை எடுத்து முன்னால் மறைக்கத்தான் கை போனது. முப்பது வயதில்.

"அம்மா, நில்லுங்கோ, நான் மாத்திக்கொண்டு—"

"நில்லடா."

கிட்ட வந்தார். முதலில் சப்பாத்தைப் பார்த்தார். கனநேரம். பிறகு முழங்கால், இடுப்புப் பட்டி, ஒவ்வொரு பொத்தானாக மேலே. மூச்சு கேட்டது. நான் அசையவில்லை. என்னை எந்தத் தளபதியும் இப்படிப் பரிசோதித்ததில்லை, எந்தத் தளபதிக்கும் இப்படி நான் நடுங்கியதுமில்லை.

வலப்பக்க நெஞ்சுப் பைக்கு மேலே கண் வந்து நின்றது. அங்கே பெயர்ப்பட்டி. எங்கள் குடும்பப்பெயர் என்று இந்த நாட்டுக் கடதாசிகளில் இருப்பது அப்பாவின் பெயர்தானே. பட்டிக்குள் அடக்க எழுத்தை நெருக்கித் தைத்திருக்கிறார்கள். சுருக்கலாமா என்று அப்போது கேட்டார்கள், நான் விடவில்லை. அதைத் தாண்டி ஒரு நாளும் யோசித்ததில்லை. ஆறு வருடம் தினமும் பொத்தான் பூட்டும்போது பார்த்த பெயர்.

"கடைக் கதவில படம் பாத்தன்," என்றார் அம்மா. "அதில பேர் தெரிஞ்சுது."

நான் குனிந்து பட்டியைப் பார்த்தேன்.

"ஆமி முகாம் முகாமாத் திரிஞ்சனான், உன்னையும் இடுப்பில வைச்சுக்கொண்டு. எல்லா வாசலிலயும் கேட்டவங்கள், கொண்டுபோனது ஆர், பேர் என்ன எண்டு. நான் என்னத்தைச் சொல்ல? வந்தவங்களின்ர நெஞ்சில ஒரு பேரும் இருக்கேல்லை. நாலு பேரிலயும் தேடினனான். சோத்துக் கோப்பையோட நிண்டு தேடினனான்."

விரலை எடுத்துப் பட்டியில் வைத்தார். இல்லத்தில் பெயர்த் துண்டு தைக்கிற அதே விரல், நுனியில் ஊசி குத்திய காய்ப்பு. தையலை ஒரு தடவை தடவிப் பார்த்தார், உறுதியாக இருக்கிறதா என்று. பிறகு ஜெர்மன் வகுப்பில் படித்த மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக விரலை நகர்த்தினார். முடிவு வரைக்கும் போய், நிமிர்ந்து, வாய் திறந்து சொன்னார்:

"தில்லையம்பலம்."

இப்படித்தான் சொல்வாரா அதை. எனக்குத் தெரியாது, நான் கேட்டதே இல்லை. நான் சொல்வது போல இல்லை, அர்ச்சனைக்குச் சொல்வது போலவே இல்லை. ஐந்து வயதிலிருந்து நான் இந்தப் பெயரைத் தப்பாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று பட்டது. என் அம்மா எவ்வளவு பெரிய மனுஷி என்று, இத்தனை வருடம் அவர் கையால் சாப்பிட்டும், எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

"வா," என்றார். "இப்பிடியே வீட்டை போவம். சாப்பிட்டிட்டுத்தான் மண்டபம்."

யூ-பானில் பக்கத்தில் இருந்தார். டிக்கெட் பார்க்கிறவர் ஏறினார். அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், ஆனால் சமையற் கதையை நிறுத்தவில்லை. வாசலில் சப்பாத்து கழற்றினேன். அதை எடுத்து உள்ளே, தன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார். சோறு, பருப்பு, கத்தரிக்காய். சாப்பிட்டு முடித்ததும் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் ஊற்றினார். குழாய் இரண்டடியில் இருக்கிறது. நான் கழுவினேன்.

மண்டபம். நானூறு கதிரை, ஒலிவாங்கி கீச். செ. அண்ணை பேச்சில் நான் எல்லையில் நின்றேன், புயலில் நின்றேன், இமைக்காமல் நின்றேன். சனம் எழுந்து கை தட்டியது. முதல் தடவை எனக்குக் கூச்சம் வரவில்லை, ஏனென்றால் நான் முன்வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கை தட்டவில்லை. நிமிர்ந்து இருந்தார்.

பொன்னாடை போர்த்தினார்கள். சிவப்பு, சரிகைக் கரை, தோள் இரண்டையும் மூடி நெஞ்சு வரை. படம் எடுக்கிறவர் "இஞ்சால பாருங்கோ" என்றார்.

முன்வரிசையில் அம்மாவின் முகம் சுருங்கியது. இரண்டு விரலால் தன் வலப்பக்க நெஞ்சைத் தொட்டு, ஒதுக்கு என்று காட்டினார்.

ஒதுக்கினேன்.